டெரஸ் வீட்டுப் பின்கதவில் பூனைக்கதவு போடுவது எப்படி?

கோலாலம்பூர் கெப்போங் பக்கம் வாடகைக்கு ஒரு டெரஸ் வீடு, இரண்டு பூனை, காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நீங்கள் இருவரும் வேலை முடிந்து திரும்ப இருட்டிவிடுகிறது, அதனால் சமையலறைப் பின்கதவில் ஒரு பூனைக்கதவு போட நினைக்கிறீர்கள். எந்த மாதிரி வாங்குவது, மரக்கதவை நாமே அறுக்கலாமா, எலியும் தெருப்பூனையும் மழைத்தண்ணீரும் உள்ளே வந்துவிடுமா, ஆறு கிலோ இருக்கிற பெரியவன் அதில் நுழைவானா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. கதவு, அலமாரி வேலைதான் என் பிழைப்பு, வீட்டில் பூனைகளும் உண்டு. தெரிந்ததை முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அறுக்கிற வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, அந்த ஓட்டை எங்கே போய்த் திறக்கிறது என்பது. நம் ஊர் டெரஸ் வீடுகளில் பின்கதவைத் தாண்டினால் துணி துவைக்கிற சின்ன இடம், அதுதான் பின்கட்டு, அதைத் தாண்டி ஒரு கிரில், அப்புறம் பின்சந்து. பின்சந்தில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: மூடாத கால்வாய், குப்பைத்தொட்டி, எலி, எலிக்கு யாராவது வைத்த மருந்து, மழைக்காலத்தில் பாம்பு, உடும்பு, சந்துக்குள் குறுக்கே ஓட்டுகிற மோட்டார்சைக்கிள். அதோடு தெருப்பூனைகளின் சண்டை. சண்டையில் கடிபட்டால் ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வைரஸ் நோய்கள் இருக்கின்றன. ஸ்போரோட்ரிகோசிஸ் என்று ஒரு பூஞ்சை நோய் மலேசியப் பூனைகளிடம் நிறையவே காணப்படுகிறது, மூக்கிலும் காதிலும் ஆறாத புண்ணாக வரும், அந்தப் பூனை நம்மைக் கீறினால் நமக்கும் தொற்றும். இதெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. பூனைக்கதவு பின்சந்துக்குத் திறக்கக்கூடாது, வலை அடித்த உங்கள் பின்கட்டுக்குத் திறக்கவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் பின்கட்டுக்கு மேலே பாதி தூரம் கூரை ஏற்கெனவே இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், கிரில்லின் கம்பிகளுக்கு இடையே உள்ள சந்தையும் வலை போட்டு மூடிவிட்டால் போதும். ஹார்ட்வேர் கடையில் விற்கிற மெல்லிய பச்சை நைலான் வலை வேண்டாம், பூனை பல்லால் கடித்து ஓட்டை போட்டுவிடும். பிளாஸ்டிக் பூசிய கம்பிவலை வாங்கி, கேபிள் டை போட்டு கிரில்லோடு இறுக்கிக் கட்டுங்கள். வாடகை வீட்டுக்கும் இது சரிப்படும், கிளம்பும்போது வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். இன்னொன்று, துணி துவைக்கிற மிஷின் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் திறக்கிற மிஷினாக இருந்தால் கதவை எப்போதும் மூடி வையுங்கள், துணி போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். பின்கட்டில் பூனை தனியாக இருக்கப்போகிறது என்றால் இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

இதையும் கேட்டுவிடுகிறேன்: உங்களுக்குப் பூனைக்கதவு உண்மையிலேயே தேவையா? வீட்டில் ஆள் இருக்கும்போது மரக்கதவைத் திறந்துபோட்டு கதவை ஒட்டிய கிரில்லை மட்டும் பூட்டி வைப்பதுதான் இங்கே வழக்கம், பூனை கம்பிகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருக்கும். ஆள் இல்லாதபோதும் ராத்திரியும்தான் சிக்கல். பின்பக்கம் பழைய காலத்து லூவர் ஜன்னல், அதாவது கண்ணாடிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கிற ஜன்னல் இருந்தால், கதவைத் தொடவே வேண்டாம். கீழே உள்ள இரண்டு மூன்று கண்ணாடிகளை உருவி எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி, அதில் பூனைக்கதவைப் பொருத்தி, ஜன்னலின் இடத்தில் வைத்துவிடலாம். உள்ளே ஏற ஒரு ஸ்டூல், வெளியே இறங்க ஒரு பலகை, அவ்வளவுதான். கண்ணாடிகளை செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், வீட்டைக் காலி செய்யும்போது திரும்பச் சொருகிவிடலாம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். உங்கள் சமையலறையில் என்ன ஜன்னல் என்று நீங்கள் எழுதவில்லை, போய்ப் பாருங்கள்.

கதவில்தான் போடவேண்டும் என்றால், முன்கதவை விட்டுவிடுங்கள். முன்கதவு பெரும்பாலும் நல்ல மரத்தில் செய்ததாக இருக்கும், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார், வெளியே ரோடு. இதைப் படிக்கிற கொண்டோவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: அடுக்குமாடியில் வாசற்கதவு பொதுவாகத் தீத்தடுப்புக் கதவு. 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிற்கவேண்டும் என்பதற்காகப் போட்டது, கதவு விளிம்பில் பொம்பா, அதாவது தீயணைப்புத் துறையின் அங்கீகார அடையாளமும் இருக்கும். அதில் ஒரு விரற்கடை ஓட்டை போட்டாலும் அந்தக் கதவு அதற்குரிய வேலையைச் செய்யாது. உங்கள் வீட்டு ஆட்களோடு மாடியில் இருக்கிற எல்லாருடைய உயிரும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் வேண்டவே வேண்டாம். பால்கனிக்குப் போகிற சறுக்குக் கண்ணாடிக் கதவையும் பலர் கேட்கிறார்கள். டெம்பர்டு கண்ணாடியை ஓட்டை போட முடியாது, டிரில் பட்ட நொடியில் மொத்தமும் பொடியாகிவிடும். முன்கூட்டியே வட்டம் வெட்டி அப்புறம் சூடாக்கிப் பதப்படுத்திய புதுக் கண்ணாடி செய்யச் சொல்லி மாற்றலாம், இல்லாவிட்டால் கதவு ஓடுகிற தண்டவாளத்திலேயே நிற்கிறமாதிரி குறுகலான ஒரு நீளப் பலகை வைத்து அதில் பொருத்தலாம். பால்கனி வலை அடிக்காமல் இரண்டையும் செய்யாதீர்கள்.

சரி, எந்த மாதிரி வாங்குவது. மூன்று வகை இருக்கிறது. வெறும் தகடு ஆடுகிறது முதல் வகை, விலை குறைவு. நடுவில் ஒரு திருகு இருக்கும், உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், மூடியது என்று நான்கு நிலையில் வைக்கலாம். இரண்டாவது காந்தம், பூனையின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கினால்தான் திறக்கும். எனக்கு இது பிடிக்காது. காந்தத்தில் ஆணியும் குண்டூசியும் ஒட்டிக்கொள்ளும், எங்காவது மாட்டினால் தானே கழன்றுவிடுகிற பட்டைதான் பூனைக்குப் பாதுகாப்பு, அது கழன்று விழுந்த அன்று பூனை வெளியே மாட்டிக்கொள்ளும். மூன்றாவது மைக்ரோசிப் வகை. மிருக மருத்துவர் தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கடியில் போடுகிற அரிசி அளவு சிப், அதில் 15 இலக்க எண் இருக்கும். கதவின் மேல்பக்கம் இருக்கிற கருவி அந்த எண்ணைப் படித்து, தெரிந்த பூனை என்றால் தாழை விடுவிக்கும். பேட்டரியில் ஓடும், விலை சில நூறு வெள்ளி (ரிங்கிட்). கேட்டால் தலை சுற்றும்தான். ஆனால் தெருக் கடுவன் உள்ளே வந்து அரிசி மூட்டைமேல் மூத்திரம் அடித்துவிட்டுப் போவதை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். சாதாரண மைக்ரோசிப் மாதிரிகள் உள்ளே வரும்போது மட்டும்தான் எண்ணைப் பார்க்கும், வெளியே போக எந்தப் பூனைக்கும் தடை இல்லை. இரண்டு பக்கமும் படிக்கிற மாதிரியும் வருகிறது, சூர்ஃப்ளாப் கம்பெனியில் டூயல்ஸ்கேன் என்று விற்பது அந்த வகை. உங்கள் குட்டிக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெரியவன் போகலாம், குட்டி போகக்கூடாது என்று வைக்க இரண்டு பக்கமும் படிக்கிறதுதான் வேண்டும். அதைவிட, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபிறகே பூனைக்கதவைத் திறந்துவிடுவது நல்லது. பின்கட்டு வலையில் எங்கோ ஒரு சந்து இருந்தால் குட்டி கண்டுபிடிப்பதற்கு முன்னால் வெளியே இருக்கிற கடுவன் கண்டுபிடித்துவிடும்.

எலி விஷயம். வெறும் தகடு என்றால் எலி முட்டித் திறக்கும், சந்தேகமே வேண்டாம். சிப் வகையில் வெளியிலிருந்து தாழ் விழுந்திருக்கும், எலியால் தானாக வரமுடியாது. ஆனால் உங்கள் பூனையே வாயில் கவ்விக்கொண்டு வந்து சமையலறை நடுவே உயிரோடு விடுமே, அதை எந்தக் கதவும் தடுக்காது. எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் லேசானது இல்லை. அதனால் இருட்டியதும் பூட்டிவிடுங்கள், இரை பிடிப்பது பெரும்பாலும் இருட்டு நேரத்தில்தான். சாப்பாட்டுத் தட்டை பூனைக்கதவின் பக்கத்தில் வைக்காதீர்கள், எறும்பும் எலியும் கூப்பிடாமலே வரும். வெளிநாட்டு விளக்கப் படங்களில் குளிர்காற்று புகாமல் இருப்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், அதை நாம் தாண்டிவிடலாம், நம் கவலை மழைதான். சாயங்கால இடிமழை காற்றோடு சாய்த்து அடிக்கும்போது கதவுக்கு மேலே கூரை இல்லாவிட்டால் எந்தப் பூனைக்கதவிலும் தண்ணீர் வரும். கூரை இல்லாத பின்கதவில் போடாதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் கதவை விரலால் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் கெட்டியாகவும் நடுவில் டொக் டொக் என்று காலியாகவும் கேட்டால் அது உள்ளீடு இல்லாத பிளைவுட் கதவு, சமையலறைக்கு இங்கே நிறையப் போடுவது இதுதான். எங்கு தட்டினாலும் கெட்டியாக இருந்தால் முழுமரம். செங்கால் (chengal) என்கிற கடின மரம் என்றால் சாதாரண ஜிக்சா பிளேடு புகைந்து போகும், ஆளைக் கூப்பிடுங்கள். அலுமினியக் கதவு என்றால் அறுக்கவேண்டாம், அலுமினியக் கடைக்காரர் கீழ்ப்பலகையை மட்டும் கழற்றி வேறு பலகை போட்டுத் தருவார். உலோகம் சிப் படிப்பதைக் கெடுக்கும், அதனால் அந்தப் பலகை பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும்.

உங்களுடையது வாடகை வீடு, பிளைவுட் கதவு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதே அளவில் ஒரு புதுப் பிளைவுட் கதவு வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. பழைய கதவைக் கீலோடு கழற்றி அறையில் சாய்த்து வையுங்கள், புதுக் கதவில் அறுத்து மாட்டுங்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய கதவு பழைய இடத்துக்குப் போய்விடும், முன்பணத்தில் யாரும் கை வைக்கமுடியாது. வீட்டுக்காரரிடம் ஒரு வாட்ஸ்அப் போட்டு சம்மதம் வாங்கி, அந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் முக்கியம். பூனை நிற்கும்போது தரையிலிருந்து அடிவயிறு வரை அளந்து, திறப்பின் கீழ்விளிம்பு அந்த மட்டத்தில் வரவேண்டும். சாதாரணப் பூனைக்கு 13 முதல் 15 சென்டிமீட்டர். ஆனால் நம் பின்கட்டுத் தரை சமையலறைத் தரையைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உள்ளே சரியாக இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பூனை நெஞ்சுயரத்துக்கு எம்ப வேண்டியிருக்கும். வெளியே ஒரு அகலமான கல்லோ மரப்பெட்டியோ படியாகப் போட்டுவிடுங்கள், வழுக்காத மாதிரி. வயசான பூனைக்கு இது ரொம்ப அவசியம்.

அளவு எடுத்ததும், பெட்டியோடு வருகிற காகித அச்சை மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டுங்கள், ரசமட்டம் வைத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கதவு சாத்தியிருக்கிற நிலையில் பாருங்கள், சில கதவுகளே தொங்கிப்போய்க் கோணலாக இருக்கும், கதவின் விளிம்பை நம்பினால் தகடு ஒருபக்கம் உரசும். சூர்ஃப்ளாப்பின் சின்ன மாதிரிக்கு 165 மில்லிமீட்டர் அகலமும் 171 உயரமும் வெட்டச் சொல்வார்கள், மற்ற கம்பெனிகளில் அளவு மாறும், உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கோட்டுக்கு உள்பக்கம் நான்கு மூலையிலும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் நேராகத் துளை போடுங்கள், கதவின் மறுபக்கம் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் துளை வெளியே வரும் இடத்தில் சிலும்பு பெயராது. ஜிக்சா பிளேடு மேல்நோக்கி வரும்போதுதான் வெட்டும், அதனால் உங்களைப் பார்க்கிற பக்கம்தான் பிளைவுட் பிய்யும். கோடு போகிற பாதை முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நெருக்கமான பல் உள்ள பிளேடு போட்டு, தள்ளாமல், மிஷின் போகிற வேகத்துக்குப் போகவிடுங்கள். கடைசிப் பக்கம் அறுபடும்போது துண்டைக் கையால் தாங்கவேண்டும், இல்லாவிட்டால் அது தன் எடையில் சாய்ந்து மூலையைக் கிழித்துக்கொண்டு விழும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பூனைகளை அறையில் அடைத்து வையுங்கள்.

துண்டு வெளியே வந்ததும் உள்ளே தெரிவது இரண்டு மெல்லிய பிளைவுட் தோல், நடுவில் அட்டைத் தேன்கூடு அல்லது காலி. இதை இப்படியே விட்டு பூனைக்கதவை வைத்து திருகாணியை முடுக்கினால், தோல் இரண்டும் உள்பக்கம் அமுங்கும், சட்டம் வளையும், தகடு சிக்கும். மழைச்சாரல் உள்ளே போய் கதவு அடியில் உப்பும், கறையானுக்கும் அழைப்பு. அதனால் திருப்புளியால் அந்த அட்டையைச் சுற்றிலும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு தோலுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குச் சரியாக நான்கு மரச்சட்டம் இழைத்து, தண்ணீருக்குத் தாங்கும் மரப்பசை தடவி உள்ளே சொருகி, விளிம்போடு விளிம்பாக நிறுத்தி, இறுக்கிப் பிடித்து ஒருநாள் காயவிடுங்கள். இந்த வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, ஒரு வருடம் கழித்துக் கதவையே மாற்றுகிறார்கள். காய்ந்தபிறகு உப்புத்தாள் போட்டு, அறுத்த பரப்பு முழுவதும் பெயின்டோ வார்னிஷோ இரண்டு கை அடியுங்கள்.

அப்புறம் பொருத்துவது சுலபம். துருப்பிடிக்காத திருகாணி வாங்குங்கள், கையால் மட்டும் முடுக்குங்கள், நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி. வெளிப்பக்கச் சட்டத்துக்கு மேலேயும் இரண்டு பக்கமும் சிலிக்கான் ஓட்டுங்கள், கீழ்ப்பக்கம் விட்டுவிடுங்கள். எப்படியும் உள்ளே போகிற கொஞ்சத் தண்ணீர் வடிய ஒரு வழி வேண்டும்.

திருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாகவேண்டும். பூனை நுழைகிற ஓட்டையில் ஆளின் கை தோள்வரை போகும். கீழே தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் நம் பின்கதவுகளில் உண்டு, பூனைக்கதவிலிருந்து அது கைக்கெட்டும் தூரம். அதை மேலே மாற்றுங்கள். பூட்டுக்குள் சாவியை விட்டு வைக்காதீர்கள், பக்கத்து ஆணியிலும் மாட்டாதீர்கள். பூனைக்கதவை பூட்டு இருக்கிற பக்கத்தில் வைக்காமல் கீல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தூரம் கூடும், ஆனால் ஓரச் சட்டத்தை அறுத்துவிடாமல். கதவை ஒட்டி வெளியே இருக்கிற, வலை அடிக்காத கிரில்லை எப்போதும்போல் பூட்டியே வையுங்கள். பூனைக்கு அது தடையில்லை, ஆளுக்குத் தடை.

பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதல் சில நாள் தகட்டை டேப் போட்டு மேலே தூக்கி ஒட்டிவிடுங்கள், வெறும் ஓட்டையாக இருக்கட்டும். ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் நெத்திலியோ அது எதற்கு உயிரை விடுமோ அந்தத் தீனி. தானாகப் போய் வந்தபிறகு தகட்டைப் பாதி இறக்குங்கள், மூக்கால் தள்ளக் கற்றுக்கொள்ளும். கடைசியில்தான் தாழை வேலைசெய்ய விடவேண்டும், ஏனென்றால் சிப் படித்ததும் வருகிற அந்த கிளிக் சத்தத்துக்குச் சில பூனைகள் மிரண்டு ஒரு வாரம் பக்கத்திலேயே வராது. பின்னாலிருந்து பிடித்துத் தள்ளவே தள்ளாதீர்கள், ஒருமுறை தள்ளினால் அந்த ஓட்டை என்றாலே அதற்குப் பயமாகிவிடும்.

பெரியவன் நுழைவானா என்றால், வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய அட்டைப்பெட்டியில் 14 சென்டிமீட்டர் அகலம், 12 உயரத்தில் ஒரு ஓட்டை வெட்டுங்கள், சின்ன மாதிரியின் திறப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டிக்குள் தீனி வையுங்கள். இடுப்பு உரசாமல் போனால் அதையே வாங்கலாம். தயங்கி நின்றாலோ நெளிந்து நெளிந்து போனாலோ பெரிய பூனைக்கும் சின்ன நாய்க்கும் விற்கிற அடுத்த அளவு வாங்குங்கள், திறப்பு 17 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், கதவில் வெட்டும் ஓட்டையும் அதற்கேற்பப் பெரிதாகும். அப்போது மேலே சொன்ன தாழ்ப்பாள் சமாச்சாரத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சத்தம், என்ன ஜன்னல், பின்கட்டுக்குக் கூரை எதுவரை இருக்கிறது என்று எழுதுங்கள், மரச்சட்டம் என்ன கனத்தில் வாங்குவது என்று சரியாகச் சொல்கிறேன்.